ஊருக்கொரு வரலாற்றுக் கழகம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

உள்ளூர் வரலாற்றைக் காக்கும் அமைப்புகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளில், ஒன்றோடொன்று தொடர்புடையவற்றுக்கு இந்த இதழில் விடை தரப்படுகிறது.

கேள்வி: மத்திய அரசுக்கு ஒரு தொல்லியல் துறை, மாநில அரசுக்கு ஒரு தொல்லியல் துறை என்று இரண்டு இருக்கும்போது, ஊரில் நாலு பேர் கூடி வரலாற்றுக் கழகம் என்று பெயர்ப்பலகை வைத்து என்ன செய்துவிட முடியும்? (ஓய்வுபெற்ற அரசு ஊழியர், தருமபுரி)

பெயர்ப்பலகையோடு நின்றுவிடும் கழகங்களும் இருக்கின்றன என்பதால் உங்கள் ஐயத்தைக் குறைசொல்ல முடியாது. ஆனால் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நாடு முழுவதும் இருப்பவை ஏறத்தாழ 3,700 சின்னங்கள் மட்டுமே. மாநிலத் துறையின் பட்டியல் அதைவிட மிகச் சிறியது. ஏரிக்கரையில் கிடக்கும் தூம்புக் கல்வெட்டு, வயல் வரப்பில் சாய்ந்து நிற்கும் நடுகல், சத்திரத்து வாசலில் பதிக்கப்பட்ட கொடைப் பலகை ஆகியவற்றில் பெரும்பாலானவை எந்தப் பட்டியலிலும் இல்லை. அவை அங்கே இருப்பது ஊராருக்கு மட்டுமே தெரியும். ஊராருக்கும் மறந்துபோனால் சாலை போடும்போது சல்லியோடு சல்லியாகிவிடும்.

பெங்களூரில் நடந்ததைப் பாருங்கள். அங்கே 1909இல் தொடங்கப்பட்ட மிதிக் சொசைட்டி என்ற வரலாற்றுச் சங்கம் இன்றும் தன் காலாண்டிதழை நடத்திவருகிறது. பெங்களூர் மாவட்டத்துக் கல்வெட்டுகளைக் கல்வெட்டு அறிஞர் பி. எல். ரைஸ் 1905இல் தொகுத்து வெளியிட்டார். அந்தத் தொகுதியில் இடம்பெற்ற கற்களில் பல, நகரம் ஏரிகளையும் கிராமங்களையும் விழுங்கி வளர்ந்தபோது இருந்த இடம் தெரியாமல் போயின. சில ஆண்டுகளுக்கு முன்பு, கல்வெட்டுத் துறையில் பட்டம் எதுவும் பெறாத ஆர்வலர்கள் சிலர், அந்தப் பழைய தொகுதியைக் கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகத் தேடத் தொடங்கினார்கள். கங்க மன்னன் ஸ்ரீபுருஷன் காலத்தைச் சேர்ந்த, ஏறத்தாழ கி.பி. 750ஆம் ஆண்டின் ஹெப்பாள் கல்வெட்டு 2018இல் வெளிச்சத்துக்கு வந்தது இந்த அலையில்தான். பின்னர் மிதிக் சொசைட்டி இந்தப் பணியைத் தன் திட்டமாகவே ஏற்று, கற்களை முப்பரிமாண ஒளிவருடிகளால் பதிவு செய்துவருகிறது. இதில் நமக்கும் பங்குண்டு. அந்தக் கற்களில் தமிழ்க் கல்வெட்டுகள் பல இருக்கின்றன. தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயில் கல்வெட்டுகளில் அவ்வூருக்குத் தேசிமாணிக்கப்பட்டணம் என்றொரு பெயர் வழங்கியது தெரிகிறது.

தேடியவர்களுக்கு ரைஸின் தொகுதி ஒன்றுதான் முதலாக இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. எந்தக் கல் எந்த ஊரில் எந்த இடத்தில் நின்றது என்று ஒருவர் எழுதிவைத்ததால்தான், நூறாண்டு கழித்து அது காணாமற்போனதே பிறருக்குத் தெரியவந்தது. என்னைக் கேட்டால், வரலாற்றுக் கழகத்தின் முதல் வேலை இந்தப் பதிவுதான். புதிதாகக் கண்டுபிடித்தோம் என்று நாளேட்டுக்குச் செய்தி கொடுப்பது அதற்குப் பிறகு வர வேண்டிய காரியம்.

கேள்வி: எங்கள் ஊர்ச் சிவன்கோயிலில் கும்பாபிஷேகத் திருப்பணி தொடங்கவிருக்கிறது. அதிட்டானத்தில் (சுவருக்குக் கீழுள்ள அடிப்பீடத்தில்) கல்வெட்டுகள் இருக்கின்றன. பாதி சுண்ணாம்பில் மறைந்திருக்கிறது. அவற்றை நாங்களே படியெடுக்கலாமா? (இளைஞர் மன்றத்தினர், அரியலூர் மாவட்டம்)

திருப்பணிக்கு முந்தைய மாதங்கள்தான் கல்வெட்டுக்குக் கண்டம் உள்ள காலம் என்பதால் நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். முதலில், உங்கள் கோயில் கல்வெட்டுகள் ஏற்கெனவே படியெடுக்கப்பட்டவையா என்று பாருங்கள். 1886இல் ஹுல்ஷ் சென்னை மாகாணத்தின் கல்வெட்டு ஆய்வாளராக அமர்த்தப்பட்டதிலிருந்து, ஆண்டுதோறும் படியெடுத்தவற்றுக்கு எண்ணிட்டு அறிக்கையாக வெளியிடும் வழக்கம் ஏற்பட்டது. உத்திரமேரூரின் புகழ்பெற்ற குடவோலைக் கல்வெட்டுகள் இரண்டும் 1898ஆம் ஆண்டறிக்கையில் 1, 2 என்ற எண்களுக்கு உரியவை. உங்கள் ஊர்ப் பெயரும் அந்த அறிக்கைகளில் இருந்தால், அன்று இருந்தவற்றில் இன்று எவை எஞ்சியிருக்கின்றன என்று சுவரோடு ஒப்பிட்டுக் குறிப்பதே நல்ல ஆய்வுப் பணியாகிவிடும்.

மைப்படி எடுக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கல்லைத் தண்ணீர் விட்டு மென்மையான தூரிகையால் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, கெட்டி மயிர்த் தூரிகையால் சீராக அடிக்க வேண்டும். தாள் எழுத்தின் பள்ளங்களில் இறங்கிப் பதிந்ததும், அது முழுவதும் காய்வதற்குள், மை தோய்த்த ஒற்றுத்துணிப் பந்தால் மேலாக ஒற்ற வேண்டும். மேடான பரப்பில் மட்டும் மை பிடிக்கும்; எழுத்துகள் கறுப்பின் நடுவே வெள்ளையாக எழும். பார்க்க எளிதாகத் தோன்றினாலும் கைப்பழக்கம் இல்லாதவர் செய்தால் தாள் கிழியும், மை கல்லில் இறங்கும். ஆகவே, பழகியவர் ஒருவர் உடன் இருந்தாலொழிய நீங்கள் இதில் இறங்க வேண்டாம். கோயில் நிர்வாகத்தின் எழுத்துபூர்வமான அனுமதியும் தேவை. பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருந்தால் தொல்லியல் துறையின் அனுமதியும் தேவை.

அனுமதி பெற்ற அன்றே செய்யக்கூடியது ஒளிப்படம். இருட்டிய பிறகு, கைவிளக்கைச் சுவருக்கு நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் சுவரை ஒட்டிப் பிடித்தால், ஒவ்வோர் எழுத்தின் பள்ளத்திலும் நிழல் விழுந்து, பகலில் கண்ணுக்கே தெரியாத வரிகளும் எழுந்து நிற்கும். அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, சுவரின் திசையையும் வரிசையையும் குறித்து, ஒரு படத்தின் ஓரம் அடுத்த படத்திலும் வருமாறு எடுங்கள். கற்களைப் பிரித்துக் கட்டப்போகிறார்கள் என்றால், பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு கல்லின் இடமும் படத்தில் எண்ணோடு இருக்க வேண்டும். முன்பின்னாகவும் தலைகீழாகவும் பொருத்தப்பட்டு, ஒரு வரியின் பாதி வடக்குச் சுவரிலும் மறுபாதி தெற்கிலும் கிடக்கும் கோயில்கள் நம்மிடம் குறைவில்லை. எழுத்து தெரியவில்லை என்று கல்லில் எண்ணெய் பூசுவது, சுண்ணாம்பைக் கம்பித் தூரிகையாலோ அமிலத்தாலோ எடுப்பது, மணல்வீச்சால் கல்லைப் புதிதாக்குவது ஆகிய அனைத்தையும் தடுக்க உங்களால் ஆனதைச் செய்யுங்கள். மணல் கல்லின் மேற்பரப்பையே சீவிவிடுவதால், அதன் பிறகு எந்த விளக்கும் உதவாது.

திருப்பணிக் குழுவினர் இது என்ன புதுப் பழக்கம் என்று கேட்டால், உங்கள் மாவட்டத்திலேயே உள்ள திருமழபாடியைக் காட்டுங்கள். அங்கே முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் பழைய விமானத்தை எடுத்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டபோது, அதிலிருந்த கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் ஏற்றச் செய்தான். அவை இராசேந்திரன் காலத்தில் புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன.

கேள்வி: எங்கள் பகுதியில் வேடியப்பன் என்று கும்பிடும் கல், பாண்டவர் வீடு என்று சொல்லும் பாறைக் குவியல் எல்லாம் உண்டு. இவை கட்டுக்கதை என்று சிலர் ஒதுக்குகிறார்கள். கழகம் இவற்றைப் பதிவு செய்ய வேண்டுமா? (பள்ளி ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்)

கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். பாண்டவர் வீடு, குள்ளர் வீடு என்றெல்லாம் மக்கள் அழைப்பவை பெரும்பாலும் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள். பாண்டவர் அங்கே தங்கியதற்கு அவை சான்றாகமாட்டா. ஆனால் அந்தப் பெயர்தான் ஆய்வாளரை அந்தக் குன்றுக்கு அழைத்துச் செல்லும் வழிகாட்டி. உங்கள் வட்டாரத்து வேடியப்பன் கோயில்கள் பலவற்றில் நிற்பவை நடுகற்கள். வழிபாடு இருந்ததனால்தான் அவற்றுள் பலவும் ஆயிரம் ஆண்டுகளைக் கடந்து தப்பின என்பதால், நாம் அந்த மக்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை தொகுத்து 1972இல் நூலாக வெளியிட்டது. அவற்றுள் எடுத்தனூர்க் கல்லை நான் பலருக்கும் எடுத்துச் சொல்வதுண்டு. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் ஒரு தொறுப்பூசலில், அதாவது ஆநிரைக்காக நடந்த சண்டையில், வீரன் மாய்ந்தான். அவனுக்கு எடுத்த கல்லில் அவனோடு ஒரு நாயும் நிற்கிறது. ‘கோவிவன்’ என்று அந்த நாயின் பெயரையும் எழுதி, அது இரு கள்ளனைக் கடித்துக் காத்திருந்தவாறும் பொறித்திருக்கிறார்கள். அரசர்களின் மெய்க்கீர்த்தியில் இடம்பெறாத ஒரு சிற்றூரின் துயரம் இப்படி ஒரு கல்லில்தான் நமக்குக் கிடைக்கிறது.

பதியும்போது இரண்டையும் கலக்காதீர்கள். கல்லின் அளவு, இடம், உருவம், எழுத்து ஒரு பக்கம். ஊரார் சொல்லும் கதை, அதைச் சொன்னவரின் வயது, அவர் யாரிடம் கேட்டார் என்பது மறுபக்கம். கும்பிடும் கல்லைச் சுத்தம் செய்வதற்கும் பூசாரியின் இசைவு வேண்டும். ஊரைப் பகைத்துக்கொண்டு நடத்தும் ஆய்வுக்கு இரண்டாம் முறை கதவு திறக்காது. ஊர்ப் பெருமைக்காகக் காலத்தை முன்னே தள்ளும் ஆசையையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். பத்தாம் நூற்றாண்டுக் கல்லைச் சங்ககாலக் கல் என்று விழா மேடையில் அறிவித்துவிட்டால், அந்தக் கழகம் பின்னர் உண்மையாகவே ஏதேனும் கண்டாலும் அறிஞர்கள் திரும்பிப் பார்ப்பது அரிது.

கேள்வி: சிலைகளைப் படம் எடுத்து வைத்தால் திருடர்களுக்கு வழி காட்டியதாகாதா? (அறங்காவலர் ஒருவர், மயிலாடுதுறை)

படம் இல்லாத சிலைதான் திருடனுக்கு வசதி. அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தானின் செப்புத்திருமேனியான நடராசர் கடத்தப்பட்டு, 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு ஏறத்தாழ 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டார். அது அந்தக் கோயிலுடையதுதான் என்று காட்ட உதவியவை புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1990களில் அங்கே எடுத்துவைத்திருந்த ஒளிப்படங்கள். 2014இல் நடராசர் இந்தியா திரும்பினார். ஆகவே முன், பின், பக்கவாட்டுத் தோற்றம், பீடம், உடைந்த விரல், தழும்பு ஆகியவற்றைத் தவறாமல் எடுங்கள். உங்கள் அச்சத்திலும் நியாயம் உண்டு என்பதால், காவல் இல்லாத கோயிலின் திருமேனிப் படங்களை இணையத்தில் போட வேண்டாம். ஒரு படி நிர்வாகத்திடமும், ஒரு படி கழகத்திடமும், ஒரு படி வேறு ஊரிலுள்ள நம்பகமான நிறுவனத்திடமும் இருக்கட்டும்.

கேள்வி: தாத்தா வைத்திருந்த ஓலைச்சுவடிகளையும் பழைய பத்திரங்களையும் உள்ளூர்க் கழகத்தினர் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? (இல்லத்தரசி, சிவகங்கை மாவட்டம்)

மூலத்தை அவசரப்பட்டுக் கொடுக்க வேண்டாம். கழகத்திடம் பூட்டிய அலமாரியும், ஈரமும் கரையானும் அண்டாத அறையும், பொருள்களுக்குப் பதிவேடும் இருக்கின்றனவா என்று நேரில் பாருங்கள். இல்லையென்றால், உங்கள் வீட்டிலேயே வைத்து மின்படி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மூலத்தை ஒப்படைப்பதானால் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சை சரசுவதி மகால், தமிழ்ப் பல்கலைக்கழகம் போன்ற இடங்கள் உள்ளன. எங்கே கொடுத்தாலும் பட்டியலிட்ட ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, வரலாற்று மதிப்புள்ள சுவடி 75 ஆண்டுகள் பழமையானாலே தொல்பொருளாகிவிடும். விலை பேசி வருபவரிடம் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பத்திரங்களைப் பாதுகாப்பதாக நினைத்து லேமினேஷன் செய்துவிடாதீர்கள். பின்னர் பிரிக்க முடியாது.

உங்கள் மாவட்டத்துக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக வாழ்வைத் தொடங்கிய ரோஜா முத்தையா, பிறர் கழித்துப்போட்ட நூல், இதழ், துண்டறிக்கை, அழைப்பிதழ் அனைத்தையும் சேர்த்துவைத்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. அதை அடித்தளமாகக்கொண்டு சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. அது சிதறாமல் நின்றதற்கு நல்லூழும் காரணம். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது 97,000 நூல்களும் அவற்றிடையே அரிய சுவடிகளும் ஒரே இடத்தில் அழிந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற மின்னூலகத் திட்டத்தார் இன்று ஈழத்து நூல்களையும் ஊர் மலர்களையும் மின்படியாக்கி வருகிறார்கள். ஒரே படியை ஒரே கட்டடத்தில் வைக்கக் கூடாது என்பதற்கு யாழ்ப்பாணத்தில் நடந்ததைவிடக் கொடிய சான்று தேவையில்லை.

கேள்வி: கிணறு வெட்டும்போது காசுகள் கிடைத்தால் கழகத்திடம் கொடுக்கலாமா? (விவசாயி, கரூர் மாவட்டம்)

கூடாது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவானாலும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். காசைப் புளி போட்டுத் துலக்காதீர்கள்.

கேள்வி: கழகத்தைப் பதிவு செய்வது எப்படி? வேறு எதைக் கவனிக்க வேண்டும்? (கல்லூரி மாணவர், கிருஷ்ணகிரி)

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்கீழ் ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம். கண்டவற்றைக் கைச்சரக்காக வைத்துக்கொள்ளாமல் அச்சில் ஏற்றுங்கள். 1991 முதல் தமிழகத் தொல்லியல் கழகம் வெளியிட்டுவரும் ‘ஆவணம்’ இதழில் புதிய கல்வெட்டுகளின் பாடம் வெளியாகிறது. கல்வெட்டைப் பதிப்பிக்கும் ஒழுங்கை அதைப் படித்தே பழகிக்கொள்ளலாம். துணைவிதிகளை எழுதும்போது பெரும்பாலோர் நழுவவிடும் ஒரு விதி உண்டு. கழகம் கலைந்தால் அதன் படங்களும் மைப்படிகளும் பதிவேடுகளும் எந்த நிறுவனத்துக்குச் சேர வேண்டும் என்பதைப் பெயர் குறித்து எழுதி, அந்த நிறுவனத்தின் இசைவுக் கடிதத்தையும் வாங்கிக் கோப்பில் வையுங்கள். அந்த விதி இல்லாத இடங்களில், செயலாளர் காலமானதும் அவர் வீட்டுப் பரணில் இருந்தவை பழைய தாள் கடைக்குத்தான் போகின்றன.