உயிர் எடையா, உரித்த எடையா? – ஆடு, மாடு விலை கேள்வி-பதில்

ஆஸ்திரேலியாவில் மாடு 2022-ல் 1,100-க்கு மேல் போனது, அடுத்த ஆண்டே 400-க்குக் கீழே விழுந்தது என்று படித்தேன். டாலரா? ஒரு மாட்டுக்கா? – சேலம்

டாலர் இல்லை, சென்ட். மாட்டுக்கு இல்லை, கிலோவுக்கு. அதுவும் உரித்த எடைக் கிலோவுக்கு, அதாவது தோல், தலை, கால், குடல் போக நிற்கும் எடைக்கு. நீங்கள் பார்த்தது ஈ.ஒய்.சி.ஐ. குறியீடு. குவீன்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா சந்தைகளில் விற்ற இளம் மாடுகளின் ஏழு நாள் சராசரி அது. உயிர் எடைக்கு மாற்ற, தோராயமாக 0.55-ஆல் பெருக்குங்கள்.

ஏற்றமும் இறக்கமும் மழையால் வந்தவை. 2017–19 வறட்சியில் மந்தையைக் கழித்தவர்கள் மழை வந்ததும் ஒரே நேரத்தில் வாங்க இறங்கினார்கள். 2023-ல் எல் நினோவால் மழை குறையும் என்ற பேச்சு வந்ததும் ஒரே நேரத்தில் விற்க இறங்கினார்கள். கறி தின்பவர்கள் கணக்கு இதில் பெரிதாக மாறவில்லை.

பிரேசிலில் ஒரு மாடு வெறும் 300 ரெயால்தானா? இறக்குமதி செய்தால் லாபமா? – திருப்பூர்

அது மாட்டின் விலை இல்லை, ஒரு அரோபாவின் விலை. அரோபா என்றால் உரித்த எடையில் 15 கிலோ. ஆக, கிலோ 20 ரெயால். கொழுத்த எருது ஒன்று 18, 20 அரோபா தேறும். சாவ் பாலோ பல்கலைக்கழகத்தின் செபியா மையம் தினமும் விலை வெளியிடும்போது அலகையும் சேர்த்தே போடுகிறது. அதைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

இங்கிலாந்தில் ஒரே வாரத்தில் ஆட்டுக்குட்டிக்கு எஸ்.கியூ.கியூ. (நிலையான தரக் குட்டிகளின் சராசரி) விலை 310 பென்ஸ் என்றும் 660 பென்ஸ் என்றும் இரண்டு இருக்கிறது. எது சரி? – லண்டன்

இரண்டும் சரி. முன்னது ஏலச் சந்தை விலை, உயிர் எடைக்கு. பின்னது வெட்டுக்கூடம் கொடுக்கும் விலை, உரித்த எடைக்கு. ஒரே பெயரில் இரண்டும் வருவதால் எந்த எடை என்று பாராமல் எந்த எண்ணையும் தாளில் ஏற்றாதீர்கள்.

உலக இறைச்சி விலை ஏறிவிட்டது என்று ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு சொல்கிறது. என் கிடாவுக்கு ஏன் ஏறவில்லை? – பரமக்குடி

அந்தக் குறியீடு ஏற்றுமதி விலையைப் பார்க்கிறது, 2014–16 சராசரியை 100 என்று வைத்து. உங்கள் பட்டி அதில் இல்லை. விவசாயி கைக்கு வந்த விலை அதே அமைப்பின் ஃபாவோஸ்டாட் புள்ளிவிவரத் தளத்தில் தனியாக இருக்கிறது. ஆண்டுக் கணக்கு, தாமதமாகத்தான் வரும்.

அமெரிக்காவில் கடை விலை எகிறுகிறது. வளர்ப்பவருக்குக் கொள்ளை லாபமா? – டாலஸ்

கடை விலையை வைத்துப் பண்ணை விலையைச் சொல்லாதீர்கள். 2019 ஆகஸ்ட்டில் கன்சாஸ் மாநிலம் ஹோல்கம்மில் ஒரு பெரிய வெட்டுக்கூடம் தீப்பிடித்தது. இறைச்சியின் மொத்த விலை ஏறியது, பண்ணையில் நின்ற மாட்டின் விலை இறங்கியது. 2020-ல் கொரோனாவால் கூடங்கள் மூடியபோது இதே நிலைமை இன்னும் கடுமையாக வந்தது. கொழுத்த மாடுகளில் 85 சதவீதம் போல நான்கே கம்பெனிகளின் கைக்குப் போகும்போது, வாசல் அடைபட்டால் அடி வளர்ப்பவருக்குத்தான். பிறகு நிலைமை மாறியது. 2025 தொடக்கத்தில் மொத்த மந்தை 8.7 கோடிதான், 1951-க்குப் பிறகு அதுவரை இவ்வளவு குறைந்ததில்லை. மாடு கிடைக்காததால் விலை வளர்ப்பவரையும் எட்டியது. சிகாகோ முன்பேரச் சந்தையில் சொல்லும் மாட்டு விலை 100 பவுண்டுக்கு, அதாவது 45 கிலோவுக்கு. உயிர் எடை.

தீபாவளிக்கு எட்டயபுரம் சந்தையில் இத்தனை கோடிக்கு ஆடு விற்றது என்று செய்தி வருகிறதே, அதை வைத்து விலைப் போக்கைப் பார்க்கலாமா? – கோவில்பட்டி

பார்க்க முடியாது. பண்டிகைக்குப் பண்டிகை இந்தச் செய்தி வரும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. கோடிக் கணக்கு விலையே இல்லை. போன வருஷத்தைவிட இரண்டு மடங்கு ஆடு வந்து, ஆட்டுக்குப் பாதி விலை கிடைத்திருந்தாலும் அதே கோடிதான் வரும். எத்தனை உருப்படி? வெள்ளாடா, செம்மறியா? கிடாவா, பெட்டையா? எத்தனை பல்? உயிர் எடை என்ன? ஒன்றும் இருக்காது. 'ஆடு ஒன்று இத்தனை ஆயிரம் முதல் இத்தனை ஆயிரம் வரை' என்று ஒரு வரி இருக்கும். பத்துக் கிலோக் குட்டியும் அதற்குள்தான், ஐம்பது கிலோக் கிடாவும் அதற்குள்தான்.

செய்தியாளரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேசி முடிக்கிற விலை வெளியே வராது. தரகருக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியும். பக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்குத் தெரியாது. வருஷத்துக்கு இரண்டு தடவை சந்தைக்கு வருகிறவர் கண் மதிப்பில், தினமும் உரிக்கிறவரோடு பேரம் பேசி ஜெயிக்க முடியுமா?

ஆஸ்திரேலிய ஆட்டுச் சந்தையில் விலைக் குறிப்பாளர் பட்டி பட்டியாக நடந்து போவார். எடை, 1 முதல் 5 வரை கொழுப்புத் தரம், வாங்கியது வெட்டுக்கூடமா, மறுபடி வளர்க்கிறவரா என்று எல்லாம் அவர் நோட்டில் ஏறும், அறிக்கையாக வெளியே வரும். நமக்கு ஒரு எடைமேடையும் ஒரு கரும்பலகையும் போதும். வாசலில் நின்று உருப்படிக்கு இவ்வளவு என்று சுங்கம் வசூலிக்கத் தெரிந்தவர்களுக்கு எடை போட்டு எழுதி வைக்கவா தெரியாது? பண்ணைக்காரர்கள் பலர் உயிர் எடைக்குக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். சந்தைகள்தான் அசைய மறுக்கின்றன.

கறிக்கடைக்காரர் உயிர் எடை கிலோ 400-க்கு என்னிடம் வாங்கி, கறி 900-க்கு விற்கிறார். அநியாயம் இல்லையா? – ராசிபுரம்

இருபது கிலோ ஆடு 8,000 ரூபாய். உரித்தால் ஒன்பதரைக் கிலோ. கறிக்கு அடக்கமே 840 ஆகிவிட்டது. கறியில் கிடைக்கும் கொஞ்சம் போக, அவருக்கு மிச்சம் தலை, கால், குடல், தோலில்தான். போன மாதமும் இதைச் சொன்னேன்: எந்த எடை என்று பார்த்துவிட்டுச் சண்டைக்குப் போங்கள்.

அர்ஜென்டினா விலையை பெசோவில் பதிந்து வருகிறேன். வரைபடம் செங்குத்தாக ஏறுகிறது. – சென்னை

2023-ல் அங்கே பணவீக்கம் 200 சதவீதத்துக்கு மேல். ஏறியது மாட்டு விலை அல்ல. டாலருக்கு மாற்றுங்கள். அந்த ஆண்டில் அரசு மாற்று விலையும் வெளிச்சந்தை மாற்று விலையும் வெகு தூரம் விலகியிருந்தன. எதை எடுத்தீர்கள் என்று எழுதி வையுங்கள்.

சோமாலியாவில் தலைக்குத்தான் விலை, எடையே இல்லை. எப்படி ஒப்பிடுவது? – துபாய்

நல்ல கேள்வி. அங்கே 'உள்ளூர்த் தர வெள்ளாடு' என்று ஒரே தரத்தை விடாமல் தொடர்கிறார்கள். கூடவே, அந்த ஆட்டை விற்றால் எத்தனை கிலோ தானியம் வாங்கலாம் என்றும் கணக்கிடுகிறார்கள். மழை பொய்த்தால் ஆடு இளைத்து விலை சரியும், தானியம் ஏறும். மேய்ப்பவருக்கு இரண்டு பக்கமும் அடி. பசி வருவதை அந்தக் கணக்கு முன்கூட்டியே காட்டிவிடும். நீங்களும் தானியக் கணக்கையே எடுங்கள். ஹஜ்ஜை ஒட்டி பெர்பெரா துறைமுகத்திலிருந்து சவுதிக்குக் கப்பல் கப்பலாக ஆடு போகும். அந்த வாரங்களைப் போன ஹஜ்ஜோடுதான் ஒப்பிட வேண்டும். ஹஜ் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் வந்துகொண்டே இருக்கும், ஆகவே ஜூனுக்கு ஜூன் என்று பார்த்தால் கணக்கு தப்பும்.