தொங்குபாலம் – கடிதம்

அன்புள்ள சார்,

மூன்று மாதம் முன்பு ஆபீஸ் நண்பர்களோடு மலையேறப் போனோம். இறங்கும்போது வழி தவறி, இருட்டிவிட்டது. கூட வந்த ஒரு பெண் மேல் அன்றிலிருந்து எனக்குக் காதல். நண்பனிடம் சொன்னேன். "இது காதலே இல்லை, பயத்தில் இதயம் அடித்ததைத் தப்பாக எடுத்துக்கொண்டாய். கனடாவில் ஒரு பாலத்தில் வைத்து நிரூபித்திருக்கிறார்கள்" என்று ஒரு வீடியோவை அனுப்பினான். அதைப் பார்த்ததிலிருந்து ஒரே குழப்பம். என் காதல் பொய்யா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் சொல்வது உளவியலாளர்கள் டொனால்டு டட்டனும் ஆர்தர் அரோனும் செய்து 1974-இல் வெளிவந்த ஆய்வு. வடக்கு வான்கூவரில் கேப்பிலானோ ஆற்றின் மேல் 450 அடி நீளத்துக்கு ஒரு தொங்குபாலம். கீழே 230 அடிப் பள்ளம். கம்பி வடத்தில் பலகை கோத்தது. கால் வைத்தால் ஆடும், கைப்பிடியும் தாழ்வு. தனியாக வந்த இளைஞர்களை அங்கே ஒரு பெண் நிறுத்தி, படம் ஒன்றைக் காட்டிக் கதை எழுதச் சொன்னார். அப்புறம் தாளின் ஓரத்தைக் கிழித்து ஃபோன் நம்பர் எழுதிக் கொடுத்தார், ஆய்வைப் பற்றி மேலும் தெரிய வேண்டுமானால் கூப்பிடுங்கள் என்று. வாங்கிய 18 பேரில் 9 பேர் கூப்பிட்டார்கள். அந்த ஆற்றில் வந்து சேரும் சிற்றோடை ஒன்றின் மேல் பத்தடி உயரத்தில் இருந்த கெட்டியான மரப்பாலத்தில் 16 பேருக்கு 2 பேர்தான்.

உடம்பு படபடத்தால் மனம் சுற்றுமுற்றும் பார்த்து அதற்கொரு காரணம் பிடித்துக்கொள்ளும் என்று ஷாக்டர், சிங்கர் என்ற உளவியலாளர்கள் 1962-இலேயே சொல்லியிருந்தார்கள். பாலம் அதற்கு வாகாக அமைந்தது.

சரி, ஆனால் அளந்தது என்ன? ஒரு ஃபோன் கால், எழுதிய கதையில் எவ்வளவு காமச் சாயல் என்பது. இவற்றைக் காதல் என்று சொல்வது வீடியோக்காரர்களின் தாராள மனசு. துணிச்சல்காரர்கள்தான் அந்தப் பாலத்துக்கே வருவார்கள், கூப்பிடவும் துணிவார்கள் என்று ஒரு மறுப்பு வருமல்லவா? அதனால் பாலத்தைக் கடந்து பத்து நிமிடமாவது ஆனவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அவர்கள் அவ்வளவாகக் கூப்பிடவில்லை. பத்து நிமிடத்தில் அடங்குகிற படபடப்பு என்றால், உங்கள் மூன்று மாதத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது 1981-இல் கிரெகரி வைட்டும் கூட்டாளிகளும் செய்தது. ஆண்களை நின்ற இடத்திலேயே ஓடவிட்டார்கள், சிலரை 2 நிமிடம், சிலரை 15 வினாடி. பிறகு ஒரு பெண்ணின் வீடியோ. ஒரே பெண்தான்; சிலருக்கு அழகாக ஒப்பனை செய்து, சிலருக்கு அழகைக் குறைத்து. அதிகம் ஓடியவர்களுக்கு அழகான தோற்றம் இன்னும் பிடித்தது, மற்றது இன்னும் பிடிக்காமல் போனது. ஆக, படபடப்பு ஒன்றுமில்லாத இடத்தில் ஆசையை முளைக்க வைக்கவில்லை. இருப்பதைத்தான் கூட்டியது. இருட்டிய மலையில் உங்களோடு இன்னும் சிலர் இருந்தார்களே, எல்லார் மேலுமா காதல் வந்தது?

ஒன்று கவனித்தேன். மலைக்கு உங்களோடு வந்த அந்தப் பெண் என்ன பேசினார், என்ன நினைக்கிறார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. பாலத்து ஆய்வும் அப்படித்தான். கூப்பிட்ட ஆண்களை எண்ணினார்கள். நம்பர் கொடுத்த பெண்ணுக்கு யாரையாவது பிடித்ததா என்பது அதில் கேள்வியே இல்லை. நீங்கள் கேட்டுவிடுங்கள். அந்த வீடியோவை மட்டும் அவருக்கு அனுப்பிவிடாதீர்கள்.