முன்னிலையும் படர்க்கையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற ஆண்டு என் தந்தை மறைந்தபின், கடவுள் உண்டு என்றும் இல்லை என்றும் வாதிடும் நூல்களில் கையில் கிடைத்தவற்றையெல்லாம் படித்துவிட்டேன். எந்தப் பக்கமும் சாய முடியவில்லை. கடவுள் இல்லையென்றால் இந்த வாழ்வுக்கு என்ன பொருள் என்ற கேள்வி என்னைத் தூங்கவிடுவதில்லை. மறுக்க முடியாத நிரூபணம் ஏதேனும் உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் ஒரே முடிச்சாக விழுந்திருக்கின்றன.

நிரூபணத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டார், 12 சூத்திரங்களே கொண்ட சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தை அதிலிருந்துதான் தொடங்குகிறார். அவன், அவள், அது என்று சுட்டப்படும் உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குகிறது. அறிவற்ற பொருள் தானாக அவ்வாறு இயங்காது. ஆகவே இயக்குபவன் ஒருவன் உண்டு. பானையைக் கண்டு குயவனை ஊகிக்கும் முறை இது. ஆனால் மெய்கண்டாருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பௌத்தரான தர்மகீர்த்தி இம்முறையை மறுத்திருந்தார்: மண்ணால் ஆனது என்பதற்காகப் புற்றையும் குயவன்தான் வனைந்தான் என்பீர்களா? (திருவாரூர் இறைவனுக்குப் புற்றிடங்கொண்டார் என்று பெயர் இருப்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.) இந்த வழக்கு இன்னும் தீரவில்லை, நீங்களும் நானும் தீர்த்துவைக்கப் போவதுமில்லை.

இரண்டாவது கேள்வி அவ்வளவு கடினமானதன்று. வஞ்சி நகரில் எல்லாச் சமயவாதிகளின் கொள்கைகளையும் கேட்டறிந்த மணிமேகலை இறுதியில் ஏற்ற பௌத்தத்தில் உலகைப் படைத்த கடவுள் கிடையாது. அவள் கையிலிருந்த அமுதசுரபியோ பசித்தவர்க்கெல்லாம் சோறிட்டது. அவள் சொல்லால் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாயிற்று. அவளுடைய வாழ்வு பொருளற்றது என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள்.

அப்படியானால் கடவுள் எதற்கு என்று கேட்பீர்கள். மறுபடியும் திருவெண்ணெய்நல்லூருக்கே வருகிறேன். மெய்கண்டாருக்குச் சுமார் ஐந்நூறு ஆண்டுகள் முன்பு, தன் திருமணத்தைத் தடுத்து, 'நீ எனக்கு வழிவழி அடிமை' என்று ஓலை காட்டிய கிழவரிடம் சுந்தரர் வழக்காடித் தோற்றதும், வந்தவர் இறைவன் என்று அறிந்து, முன்பு வைத வசவையே முதற்சொல்லாக்கிப் 'பித்தா' என்று பாடியதும் அதே ஊரில்தான் என்கிறது பெரியபுராணம். பின்னாளில் பார்வை இழந்து, ஒரு கண் மட்டும் மீண்ட நிலையில் திருவாரூரில் நின்றபோது, எங்களை இப்படி வாடவிட்டு நீர் நன்றாக வாழும் என்று இறைவன் முகத்துக்கு நேரே குத்திப் பாடினார். மெய்கண்டாரின் சூத்திரம் படர்க்கையில் பேசுகிறது. சுந்தரரின் பாட்டு முன்னிலையில் பேசுகிறது. படர்க்கையில் இருப்பவருக்குத்தான் நிரூபணம் தேவைப்படுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

என் தம்பி 19 வயதில் இறந்தபோது அம்மா விளக்கேற்றுவதை அடியோடு நிறுத்திவிட்டார். மாடத்திலிருந்த காமாட்சி விளக்கில் எண்ணெய் பிசுக்கேறிப் பச்சை பிடித்தது. ஏறத்தாழ ஓராண்டு கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அதைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். கோபம் தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன். தலையை நிமிர்த்தாமலே, "தீரலை. கோவிச்சுக்கவும் எனக்கு வேற யாரு இருக்கா?" என்றார். நான் அன்றும் நம்பவில்லை, இன்றும் உறுதியாக நம்புகிறேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பதிலை எந்தத் தருக்கத்தாலும் என்னால் தள்ள முடிந்ததில்லை.

உங்கள் வாசிப்பு தந்தையின் மறைவுக்குப் பின் தொடங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். கடிதம் முழுவதும் கடவுளைப் பற்றிப் பேசுகிறது. தந்தையைப் பற்றி அந்த ஒரு வாக்கியத்துக்குமேல் எதுவும் இல்லை. தூக்கம் வராத அந்த இரவுகளில் மனத்துக்குள் யாரிடம் பேசுகிறீர்கள்? அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள்.