எம்15 டென்னிஸ் ஒற்றையர்: ஒரு பாயிண்ட்டுக்கு எத்தனை வெற்றி வேண்டும்?

பல்லடத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பையனுக்கு 18 வயசுங்க. கோயமுத்தூர்ல கோச்சிங் போறான், ஆல் இந்தியா ரேங்கிங் இருக்கு. இனி எம்15 மென்ஸ் சிங்கிள்ஸ் ஆடோணுங்கறான். அனுப்பலாங்களா? ஏடிபி பாயிண்ட் எப்ப வரும்? செலவு தாங்குமா? இந்த வயசுல ஆரம்பிச்சா பிரயோஜனம் உண்டுங்களா?"

அனுப்புங்க. ஆனால் கோப்பையை மனதில் வைத்து அனுப்பாதீர்கள். முதல் ஓராண்டுக்கு உங்கள் வீட்டின் ஒரே இலக்கு, ஒரே ஒரு ஏடிபி பாயிண்ட், அதாவது ஆடவர் உலகத் தரவரிசைக்குக் கணக்கில் வரும் புள்ளி. அது எவ்வளவு கடினமானது என்று தெரிந்துவிட்டால் மற்ற முடிவுகள் தானாகவே தெளிவாகும்.

எம்15 என்பது 15,000 டாலர் மொத்தப் பரிசுள்ள ஆடவர் போட்டி. சர்வதேச டென்னிஸ் சம்மேளனத்தின் தொழில்முறைச் சுற்றில் இதுதான் அடிமட்டம். மேலே எம்25, அதற்கும் மேலே சேலஞ்சர், பிறகு ஏடிபி டூர். எம்15 மெயின் டிராவில், அதாவது முதன்மைப் போட்டியில், 32 பேர் ஆடுவார்கள். ஐந்து ஆட்டமும் ஜெயித்தவருக்கு 15 பாயிண்ட், ஃபைனலில் தோற்றவருக்கு 8, அரையிறுதிக்கு 4, காலிறுதிக்கு 2. முதல் சுற்றை மட்டும் ஜெயித்தால் 1. அதிலேயே தோற்றால் ஒன்றுமில்லை.

உங்கள் மகன் நேராக மெயின் டிராவுக்குள் போக முடியாது. அந்த இடங்களில் பெரும்பாலானவை ரேங்கிங் உள்ளவர்களுக்குப் போய்விடும். போட்டி நடத்துபவர்கள் தரும் நேரடி அனுமதியான வைல்டு கார்டு சிலருக்கே கிடைக்கும். மிச்சமிருப்பது குவாலிஃபையிங் என்னும் தகுதிச் சுற்று. டிராவின் அளவைப் பொறுத்து அங்கே இரண்டோ மூன்றோ ஆட்டம் ஜெயிக்க வேண்டும். பிறகு மெயின் டிராவில், ஓய்வெடுத்துப் புத்துணர்வோடு வரும் ஒருவரை ஜெயிக்க வேண்டும். ஆக, அந்த ஒரு பாயிண்ட்டுக்குத் தொடர்ந்து மூன்று, நான்கு வெற்றிகள் தேவை. நிறைய பெற்றோர் "குவாலிஃபையிங்லயே தோத்துட்டான்" என்று வருத்தப்படுகிறார்கள். உண்மையில் அங்கேதான் போட்டியே நடக்கிறது. அங்கே மூன்றாவது செட் முழுதாக ஆடப்படுவதில்லை, அதற்குப் பதிலாக 10 பாயிண்ட் டைபிரேக் (இரண்டு பாயிண்ட் வித்தியாசத்தோடு முதலில் பத்தை எட்டுபவருக்கு வெற்றி). பயிற்சியில் வாரத்துக்கு இரண்டு நாளாவது களைத்த காலோடு அந்த டைபிரேக்கை ஆடச் சொல்லுங்கள். கடைசிச் சுற்றில் தோற்றாலும் அன்று மாலையே பஸ் ஏற வேண்டாம். மெயின் டிராவில் யாராவது விலகினால், அந்த இடத்துக்கு லக்கி லூசராக உள்ளே போகலாம். அதற்குப் பட்டியலில் கையெழுத்துப் போட்டு அங்கேயே இருக்க வேண்டும்.

அடுத்தது, நம் ஊர்ப் பிள்ளைகளுக்கென்றே ஒரு விஷயம். கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 411 மீட்டர் உயரம். காற்றில் ஈரப்பதம் குறைவு, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு. இங்கே மூன்று மணி நேரம் அலுங்காமல் ஆடுகிறவன் சென்னையில் ஒன்றரை மணி நேரத்தில் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். வியர்வை உலராததால் உடம்பின் சூடு இறங்குவதில்லை, உப்பும் நீரும் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். ஆட்டத்தன்று எலெக்ட்ரோலைட் குடித்தால் போதாது. நான்கைந்து நாள் முன்னதாகவே போய் மதிய வெயிலில் ஆடிப் பழக வேண்டும். பெங்களூரு நேர்மாறு. 900 மீட்டருக்கு மேல் உயரம் என்பதால் பந்து பறக்கும். ராக்கெட் நரம்பை வழக்கமான இறுக்கத்தில் (டென்ஷன்) வைத்து அடித்தால் பந்து பேஸ்லைனைத் தாண்டிவிடும். அந்த இறுக்கத்தை ஒன்றிரண்டு பவுண்டு கூட்டிக்கொள்வது நல்லது. ஆடிக் காற்றில் பல்லடத்தில் சர்வ் டாஸ் போட்டுப் பழகியவனுக்கு மட்டும் எந்த ஊரிலும் காற்று தொந்தரவில்லை. அதனால் காற்று விழுந்த விடிகாலையில் மட்டும் பயிற்சி வைக்காதீர்கள்.

செலவுக்கு வருவோம். எம்15 ஒற்றையரில் சாம்பியனுக்கே 2,160 டாலர்தான். மெயின் டிரா முதல் சுற்றில் தோற்றால் சுமார் 156 டாலர், அதிலும் வரி போகும். ஒரு வார அறை வாடகை, சாப்பாடு, ஸ்ட்ரிங் செலவுக்கே அது காணாது. கடன் வாங்கி, தோட்டத்தை அடமானம் வைத்து இதில் இறங்க வேண்டாம் என்று நான் அழுத்தமாகச் சொல்வேன். ஒரே ஊரிலோ பக்கத்து ஊர்களிலோ அடுத்தடுத்த வாரம் போட்டி வரும்போது சேர்த்துப் போங்கள். ஈரோடு, சேலம் பக்கத்துப் பையன்களோடு அறையைப் பகிரலாம். கோச் எல்லா வாரமும் கூடப் போக வேண்டியதில்லை. இடைப்பட்ட காலத்தில் உள்நாட்டு ஆடவர் போட்டிகளை விடக் கூடாது.

வயதைப் பற்றிய கவலை வேண்டாம். சென்னையின் பிரஜ்னேஷ் குன்னேஸ்வரன் முழங்கால் காயத்தால் பல ஆண்டுகளை இழந்தவர். 2019 ஆஸ்திரேலிய ஓப்பனில் குவாலிஃபையிங் வழியாகத்தான் மெயின் டிராவுக்குள் நுழைந்தார். அதே ஆண்டு ஏப்ரலில் உலகத் தரவரிசையில் 75-வது இடம். அப்போது அவருக்கு 29 வயது.

நம் கோவையிலேயே ஸ்ரீராம் பாலாஜி இருக்கிறார். ஒற்றையரில் நெடுங்காலம் ஆடிவிட்டு இரட்டையரில் ஊன்றியவர், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ரோஹன் போபண்ணாவோடு ஜோடி சேர்ந்தார். அதே ஆண்டு பிப்ரவரியில் இஸ்லாமாபாத்தில் நடந்த டேவிஸ் கோப்பையில் ஒற்றையரும் ஆடி ஜெயித்தார். அதனால் உங்கள் மகன் போகும் எல்லாப் போட்டியிலும் இரட்டையருக்கும் பெயர் கொடுக்கட்டும். ஒற்றையரில் சீக்கிரம் வெளியேறினாலும் அந்த வாரம் வீணாகாது.

பதிவு வேலை: முதலில் சர்வதேச சம்மேளனத்தின் தளத்தில் ஐபின் என்னும் வீரர் பதிவு எண் வாங்க வேண்டும். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். போட்டி தொடங்கும் திங்களுக்கு 18 நாள் முந்தைய வியாழன், நம் நேரப்படி இரவு 7.30 மணியோடு பதிவு முடியும். விலக வேண்டுமானால் 13 நாள் முந்தைய செவ்வாய்க்குள் விலகிவிடுங்கள், தாமதித்தால் அபராதம் வரும். ஒவ்வொரு போட்டிக்கும் ஃபேக்ட் ஷீட் வெளியிடுவார்கள். கோர்ட்டின் வகை, பந்தின் பிராண்டு, குவாலிஃபையிங் கையெழுத்து நேரம் எல்லாம் அதில் இருக்கும்.

இன்னொன்று, பெற்றோர் பலருக்கும் தெரியாதது. இந்த அடிமட்டப் போட்டிகளின் மீதும் வெளிநாடுகளில் பந்தயம் கட்டுகிறார்கள். தோற்றவுடன் பையனின் இன்ஸ்டாகிராமில் வசவு வரலாம், "ஒரு செட்டை விட்டுக்கொடு" என்று பணமும் பேசலாம். அப்படி யாராவது அணுகினால், மறுத்துவிட்டதோடு நிற்காமல் டென்னிஸ் நேர்மை அமைப்பான ஐடிஐஏவுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். அந்த விதிகள் தகப்பனாராகிய உங்களையும் கட்டுப்படுத்தும். ஆட்டத்துக்கு முன்னால் யாராவது போன் போட்டு "தம்பிக்குத் தோள் வலி எப்படிங்க இருக்கு?" என்று விசாரித்தால், தெரிந்தவராகவே இருந்தாலும், பதில் சொல்லாதீர்கள்; அந்தத் தகவல் பந்தயக்காரர்களுக்குப் போகலாம்.