அம்மாவின் புடவைகள்: எதை வைப்பது, எதைக் கொடுப்பது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அம்மா தவறி மூன்று வருடம் ஆகிறது. அவருடைய 26 பட்டுப்புடவைகள், நிறைய நூல் புடவைகள், அப்பாவின் கம்பளி சூட், என் பிள்ளைகளின் குழந்தைச் சட்டைகள் எல்லாம் இரண்டு சூட்கேசில் பிளாஸ்டிக் உறையோடு கிடக்கின்றன. வீட்டை விற்றுவிட்டுச் சின்ன பிளாட்டுக்குப் போகிறோம். எதையும் வெளியே கொடுக்க மனசு வரவில்லை. எப்படிப் பிரிப்பது?"

எதை வைப்பது என்பதை அப்புறம் முடிவு செய்யலாம். முதலில் அந்த உறைகளைக் கழற்றிவிடுங்கள். டர்பன் கோடையின் ஈரம் பிளாஸ்டிக்குக்குள் புகுந்தால் வெளியேற வழியில்லை. காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டியே நின்றால் துணியில் பூஞ்சை பிடிக்கும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இங்கே காற்று வறண்டிருக்கும், பிரித்து உலர்த்த அதுதான் ஏற்ற காலம். தரையில் வேட்டி விரித்து, புடவையை முழுக்கப் பிரித்து, நிழலில் இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். வெயிலில் போட வேண்டாம். வெயில் பட்டால் சாயம் வெளிறும், பட்டு நூல் இற்றுப்போகும்.

உலர்த்தும்போதே ஒவ்வொன்றையும் சோதித்துவிடலாம். மடிப்புக் கோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். கோட்டில் வெளிச்சம் கீற்றாகத் தெரிந்தாலோ, லேசாக இழுத்தாலே நூல் பிரிந்தாலோ அந்தப் பட்டின் ஆயுள் முடிந்துவிட்டது. தைத்துச் சரிசெய்தால் தையல் ஓட்டைகளே அடுத்த கிழிசலாகும். முந்தானை சேரும் இடத்தையும் பாருங்கள். சரிகையின் கனம் அங்கேதான் இழுக்கும். சரிகை கறுத்திருந்தால் பதற வேண்டாம், வெள்ளிச் சரிகை காற்றிலுள்ள கந்தகத்தால் கறுப்பது இயல்பு. புளி, பற்பசை என்று எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். மேலே இருக்கும் மெல்லிய பொன் பூச்சு கறுப்போடு சேர்ந்து போய்விடும். ரவிக்கைகளில் அக்குள் பகுதி வியர்வையால் இற்றுப்போயிருக்கும். அவற்றை வைத்துக்கொண்டு பயனில்லை. குத்தியே விட்ட ஊக்குகளைக் கழற்றிவிடுங்கள், துருக்கறை போகாது.

இனி மனசுக்குக் கஷ்டமான வேலை. குழந்தைச் சட்டைகளிலோ அம்மாவின் கல்யாணப் புடவையிலோ தொடங்காதீர்கள். முதல் மணி நேரத்திலேயே பெட்டியை மூடிவிடுவீர்கள். கடைசியாக வாங்கி, அம்மா அதிகம் உடுத்தாதவற்றை முதலில் எடுங்கள். ஒவ்வொன்றையும் கையில் வைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அம்மா இதை எப்போது உடுத்தினார்? யோசிக்காமல் பதில் வந்தால் ஒரு பக்கம் வையுங்கள். "விலை ஜாஸ்தி", "கிரே ஸ்ட்ரீட்டில் வாங்கியது" என்று மட்டும் பதில் வந்தால் அது நினைவு அல்ல. குடும்ப ஆல்பத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது பெரிய உதவி. தைப்பூசக் காவடி, தீபாவளி, அக்காவின் கல்யாணம் என்று படத்தில் இருக்கும் புடவைகள் தாமாகவே தனியாக நிற்கும். அம்மாவைக் கண்முன் கொண்டுவருவது பெரும்பாலும் நாலைந்து புடவைதான். அதில் வீட்டில் அன்றாடம் கட்டிய ஒரு நூல் புடவை கட்டாயம் இருக்கட்டும். காஞ்சிபுரம் பட்டைவிட அதுதான் அம்மாவுக்கு நெருக்கமானதாக இருந்திருக்கும்.

பிளாட்டில் ஆறு புடவைக்கு மேல் வைக்காதீர்கள் என்பது எங்கள் கருத்து. ஆறு என்றால் ஒரு தட்டில் ஒன்றன்மேல் ஒன்று நசுங்காமல் வைக்கலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றலாம். இருபத்தாறுக்கு யாரும் அப்படிச் செய்வதில்லை. அன்பால் எல்லாவற்றையும் பூட்டி வைத்து, எல்லாமே மடிப்பில் கிழிந்துபோன வீடுகள் எத்தனையோ.

வைக்கும் முறை: கஞ்சி போடாத, பலமுறை துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் ஒவ்வொரு புடவையையும் தனித்தனியாகச் சுற்றுங்கள். கஞ்சி இருந்தால் வெள்ளிப்பூச்சி, நாம் பிஷ்மாத் என்போமே, அது வரும். செய்தித்தாள் வேண்டாம், மையும் அமிலமும் துணியில் இறங்கும். கற்பூரத்தையும் நாப்தலீன் உருண்டையையும் சேர்த்துப் போட்டால் இரண்டும் உருகிக் கறையாகிவிடும். உண்மையில் சுத்தமாக, உலர்ந்து, அடிக்கடி கையில் எடுக்கப்படும் புடவைக்கு இரண்டுமே தேவையில்லை.

அப்பாவின் சூட்டில் சிறு ஓட்டைகள் தெரிந்தால் அந்துப்பூச்சியின் புழு உள்ளே இருக்கலாம். பாலிதீன் பையில் காற்றை அழுத்தி எடுத்து இறுக்கிக் கட்டி, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். நடுவில் நெடுநேரம் மின்சாரம் போனால் நாளைத் திரும்ப முதலிலிருந்து எண்ணுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. ஒரு நாள் அப்படியே விட்டால் நீர்த்துளிகள் பைக்கு வெளியே படியும், துணியில் அல்ல.

குழந்தைச் சட்டைகளில் ஆளுக்கு ஒன்று போதும். மற்றவற்றை யாருக்காவது கொடுப்பதானால் ஒரு எச்சரிக்கை: நாப்தலீன் வாசம் இருந்தால் அப்படியே பச்சைக் குழந்தைக்குப் போட்டுவிடாதீர்கள். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடுள்ள குழந்தைக்கு அந்த வாசத்தாலேயே இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, மஞ்சள் காமாலை வரை போகலாம். அந்தக் குறைபாடு இருப்பது பலருக்கு முன்கூட்டித் தெரியாது. துவைத்து, வாசம் முழுக்கப் போகும்வரை பல நாள் வெளியே காயவைத்த பிறகே கொடுங்கள்.

பிரிவதற்கு முன் படம் எடுங்கள். முழுப் புடவை ஒன்று, முந்தானை ஒன்று, கரையைப் பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒன்று. படத்தின் பின்னால் யார், எப்போது, எதற்கு என்று இரண்டு வரி எழுதுங்கள். வைத்துக்கொள்ளும் புடவைக்கும் இதே இரண்டு வரியைத் துணிப்பட்டையில் எழுதிச் சுற்றுத் துணியில் தையுங்கள். ஆயாவிடமிருந்து வந்த, இனவெறி ஆட்சியில் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து சாட்ஸ்வர்த்துக்குக் குடும்பம் பெயர்க்கப்பட்ட காலத்துப் புடவை ஏதாவது இருந்தால், அதன் கதையும் தெரிந்தால், கொடுக்கும் முன் டர்பனில் உள்ள இந்திய வம்சாவளியினரின் அருங்காட்சியகமான 1860 ஹெரிடேஜ் சென்டரில் ஒரு வார்த்தை கேளுங்கள். 1860இல் மெட்ராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நம்மவரை ஏற்றி வந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கும் நம் வரலாற்றுக்கு இத்தகைய துணிகள் சான்று.

உடல் கெட்டியாக இருந்து மடிப்பு மட்டும் போன பட்டில் பேத்திக்குப் பாவாடை தைக்கலாம். ஐந்தரை மீட்டரில் இற்ற பகுதியை வெட்டி எறிந்தாலும் எட்டு வயதுப் பெண்ணுக்குத் தாராளமாக வரும். உள்ளே பருத்தி லைனிங் கட்டாயம். நூல் புடவையில் தூளி கட்ட நினைத்தால், இரண்டு பேர் இரு முனையிலும் பலமாக இழுத்துப் பாருங்கள். ஒரு நூல் அறுந்தாலும் தூளிக்கு வேண்டாம்.

கட்டிய புடவையைக் கோயிலில் அம்மனுக்குச் சாத்த மாட்டார்கள், அங்கே கொண்டுபோய் சங்கடப்பட வேண்டாம். நல்ல நிலையில் இருக்கும் நூல் புடவைகளைத் துவைத்து, முதியோர் இல்லத்தில் முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கொடுங்கள். பூஞ்சை பிடித்ததை யாருக்கும் கொடுக்கக் கூடாது. அண்ணன் தம்பி, அக்கா தங்கை இருந்தால் எந்தப் புடவையும் வாசலைத் தாண்டும் முன் அவர்களுக்குப் படங்களை அனுப்பி, பதில் சொல்ல இரண்டு வாரம் கொடுங்கள். நீங்கள் மறந்துபோன ஒரு புடவை அவர்களில் ஒருவருக்கு அம்மாவாகவே இருக்கலாம்.