கப்பலுக்கு வெளியே

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்கூபா அடிப்படைப் பயிற்சியைச் சென்ற மாதம்தான் முடித்தேன். அடுத்த வாரம் 12 மீட்டர் ஆழத்தில் மூழ்கிக் கிடக்கும் ஒரு சரக்குக் கப்பலைப் பார்க்கப் போகிறோம். ஆழம் குறைவுதானே, உள்ளே நுழைந்து மறுபக்கம் வந்துவிடலாம் என்கிறார்கள் உடன் வருபவர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. வெளியிலிருந்து மட்டும் பார்த்தால் நிறைவு கிடைக்குமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உள்ளே போகாதீர்கள். உங்கள் பயத்தை மதியுங்கள்.

ஆழம் குறைவு என்பது திறந்த நீரில்தான் துணைக்கு வரும். அங்கே ஏதேனும் தவறினால், மூச்சை அடக்காமல் சீராக வெளியே விட்டபடி மேலே வந்துவிடலாம். தலைக்கு மேல் இரும்புத் தளம் இருந்தால் 5 மீட்டர் ஆழத்திலும் அந்த வழி இல்லை. கப்பலறைகளில் படிந்திருக்கும் வண்டல் மாவைப் போல மென்மையானது. துடுப்புக் காலை ஒருமுறை தவறாக உதைத்தாலே கலங்கிவிடும்; பிறகு டார்ச்சை அடித்தாலும் நுழைந்த வாசல் தெரியாது. வழிக்கயிறு கட்டிச் செல்வதையும், முதுகில் சுமக்கும் கலனிலுள்ள காற்றில் மூன்றிலொரு பங்கைத் தொடாமல் காப்பதையும் கற்றுத்தரும் தனிப் பயிற்சி இருப்பது இதனால்தான்.

வெளியே பார்க்க நிறைய இருக்கிறது. நான் முதன்முதலில் இறங்கியபோது எதிரே இருந்ததைப் பாறை என்றே நினைத்தேன். கைப்பிடிக் கம்பிகளின் நேர்கோடு கண்ணில் பட்டபோதுதான் அது கப்பலானது. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை. அதனால் எல்லாமே நீலமும் சாம்பலுமாகத் தெரியும். அழுக்குப் பழுப்பாகத் தோன்றும் ஓர் இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். கடற்பஞ்சு செக்கச்செவேலென்று ஒளிரும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது அலுத்ததில்லை.

பாலித் தீவின் துலம்பென் கடற்கரையை ஒட்டிக் கிடக்கும் லிபர்ட்டி கப்பலின் மேற்பகுதி சில மீட்டர் ஆழத்திலேயே இருக்கிறது. 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோவால் தாக்கப்பட்டு, கரைக்கு இழுத்துவரப்பட்டது. 1963இல் ஆகுங் எரிமலை வெடித்தபோது மீண்டும் கடலுக்குள் சரிந்தது. அதன் பக்கவாட்டில் மிதந்து சென்றாலே அந்த வரலாறு கண்முன் விரியும்.

கப்பலைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். துருவேறிய விளிம்பு கையைக் கிழிக்கும், சிக்கிய வலை காலைச் சுற்றும். ஒரு மீட்டர் தள்ளியே இருங்கள். மூச்சை ஆழமாக இழுத்தால் சற்று மேலெழுவீர்கள், விட்டால் இறங்குவீர்கள். அந்த அசைவு இரண்டொரு நொடி தாமதமாகத்தான் வரும், பதறாதீர்கள்.

உள்ளே வரமாட்டேன் என்பதைப் படகிலேயே உடன் இறங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். கீழே போனபின் காரணத்தை விளக்கக் கைச்சைகை போதாது.