சொர்க்கப் பறவை ஆடும்போது பெட்டையைப் பாருங்கள் – வாசகர் கேள்வி பதில்

ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே இருக்கும் நியூகினித் தீவின் சொர்க்கப் பறவைகளைப் பற்றிப் போன இதழில் எழுதியதற்கு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பதில் எழுத இடம் போதாது. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

வீடியோவில் ஒரு கறுப்புப் பறவை குடை மாதிரி விரிந்து, நீலக் கண்ணும் வாயும் வரைந்தது போல ஆகித் துள்ளுகிறது. அது நிஜமா, கம்ப்யூட்டர் வேலையா? நேரில் போனாலும் அப்படித்தான் தெரியுமா? – திருச்சி வாசகி

நிஜம்தான். சூப்பர்ப் சொர்க்கப் பறவை என்று அதற்குப் பெயர். சும்மா கிளையில் உட்கார்ந்திருக்கும்போது மைனாவைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பறவை, அவ்வளவுதான். பிடரியிலிருந்து முதுகில் போர்வை மாதிரி மடிந்துகிடக்கும் இறகுகளை அப்படியே தலைக்கு மேலே தூக்கி விரித்து, நெஞ்சில் இருக்கும் நீலப்பச்சைத் தகட்டையும் அகல விரித்தால் பறவையே மறைந்துபோகும். கறுப்பு வட்டமும் அதில் மின்னும் நீலமும் மட்டும் நிற்கும். கண் மாதிரித் தெரிவது கண் கிடையாது, அலகுக்கு மேலே நெற்றியில் இருக்கும் இரண்டு பளபளப்பான புள்ளிகள்.

அந்தக் கறுப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காக்கையின் கறுப்பில் வெயில் பட்டால் பளபளக்கும் அல்லவா, இதில் பளபளப்பே இருக்காது. 2018-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று இதற்குக் காரணம் சொன்னது. இறகின் நுண்ணிழைகள் படுத்திருக்காமல் நிமிர்ந்து, ஓரமெல்லாம் பற்கள் போல இருக்கின்றன. உள்ளே விழும் வெளிச்சம் அங்கேயும் இங்கேயும் மோதி வெளியே வர முடியாமல் போகிறது. சில சொர்க்கப் பறவைகளின் இறகு விழும் ஒளியில் 99.95 சதவீதம் வரை விழுங்கிவிடுகிறதாம். எனக்கு அதைவிட வியப்பாக இருந்தது இன்னொன்று: இதே பறவையின் முதுகில், பெட்டைக்குக் காட்டாத இடத்தில் இருக்கும் கறுப்பு சாதாரணக் கறுப்பு. அவள் கண் படும் இடத்தில் மட்டும்தான் இந்த வேலைப்பாடு.

நேரில் அப்படித் தெரியுமா என்றால், பெரும்பாலும் தெரியாது. இதைச் சொல்லாமல் உங்களை அனுப்பினால் ஏமாந்துபோவீர்கள். தீவின் மேற்கு மூலையில் இருக்கும் ஆர்ஃபக் மலையில், விடிவதற்கு முன்னால் டார்ச் வெளிச்சத்தில் ஏறி, ஓலைத் தட்டிக்குப் பின்னால் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்து அந்த ஆட்டத்தைப் பார்த்தேன். எனக்குக் கிடைத்தது பாதி முதுகும் ஒரு பக்கமும்தான். அவன் ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. விழுந்துகிடந்த மரத்தில் எங்கே அவள் நகர்ந்தாளோ அங்கே முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தான். முதலில் ஏமாற்றமாக இருந்தது, அப்புறம்தான் புத்தியில் ஏறியது. சரி, இந்த ஆட்டத்தில் நல்ல இடம் ஒன்றுதான், அதில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். அன்றிலிருந்து நான் ஆணைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு அவளைப் பார்க்கத் தொடங்கினேன். எவ்வளவு நேரம் நிற்கிறாள், எப்போது கழுத்தை நீட்டுகிறாள், எந்த நிமிஷத்தில் பறந்துபோகிறாள் என்று பார்த்தால் அந்தக் காலை முழுக்க வேறு மாதிரி ஆகிவிடுகிறது.

இன்னொரு செய்தி. ஆர்ஃபக் பக்கத்துப் பறவையும் தீவின் நடு மலைகளில் இருக்கும் பறவையும் ஒன்றுதான் என்று வெகுநாள் எண்ணியிருந்தார்கள். ஆட்டத்தைக் கவனித்தபோதுதான் வித்தியாசம் துலங்கியது. நடு மலைகளில் இருப்பது, அதாவது உங்கள் வீடியோவில் துள்ளியது, முட்டை வடிவில் விரிந்து துள்ளும். ஆர்ஃபக் பக்கத்தில் இருப்பது, அதாவது நான் பார்த்தது, பிறை வடிவில் விரிந்து, துள்ளாமல் பக்கவாட்டில் வழுக்கினாற்போல் நகரும். இப்போது அவை இரண்டு இனங்கள்.

ஆணுக்கு மட்டும் ஏன் இத்தனை அலங்காரம்? பெட்டைக்கு ஏன் இல்லை? – நாகர்கோவிலிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்

மயிலை வைத்தே யோசியுங்கள். தோகை ஆணுக்கு, முடிவு பெட்டைக்கு. எந்த ஆண் வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பெட்டைகள் தேர்ந்தெடுத்ததால்தான் இந்த இறகுகள் இப்படி ஆயின என்று டார்வின் 1871-லேயே எழுதினார். சொர்க்கப் பறவைகளில் பெரும்பாலான ஆண்கள் கூடு கட்டாது, அடைகாக்காது, குஞ்சுக்கு ஒரு பழம்கூடக் கொண்டுவந்து கொடுக்காது. எல்லாம் அவள் தலையில். அவள் கூட்டில் உட்கார வேண்டியிருப்பதால் பழுப்பு நிறமே அவளுக்குப் பாதுகாப்பு. நியூகினிக் காட்டில் பழம் தாராளம், பூனை இனமும் குரங்கும் கிடையாது. ஒரு தாய் தனியாகக் குஞ்சு வளர்க்கவும், ஆண் நாள் முழுக்க ஆடிக்கொண்டிருக்கவும் அந்தக் காடு இடம் கொடுத்திருக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் விளக்குகிறார்கள்.

இளம் ஆண்கள் பல வருடம் பெட்டை மாதிரியேதான் இருக்கும். அந்த வயதிலேயே ஆடிப் பழகும், கிளையைத் தவறவிட்டுத் தடுமாறும். பெரியவன் இல்லாத நேரமாகப் பார்த்து அவன் களத்துக்கு வந்து ஒத்திகை பார்ப்பதும் உண்டு. தட்டிக்குப் பின்னால் இருக்கும்போது இவற்றையும் கவனியுங்கள், எனக்குப் பெரியவனின் ஆட்டத்தைவிட இது மனதுக்கு நெருக்கமாக இருக்கிறது.

பரோட்டியா என்று ஓர் இனம். அதன் ஆண் தரையைச் சுத்தமாகக் கூட்டி வைத்து, இடுப்பைச் சுற்றிப் பாவாடை மாதிரி இறகை விரித்து, தலையில் இருக்கும் ஆறு கம்பி இறகுகளை ஆட்டிக்கொண்டு நடக்கும். பக்கத்திலிருந்து பார்த்தால் பாவாடை கட்டிய ஆட்டக்காரர். ஆனால் பெட்டை உட்காருவது மேலே, குறுக்குக் கிளையில். அவள் உயரத்தில் கேமராவை வைத்துப் பார்த்தபோதுதான் அவளுக்குத் தெரிவது இன்னொரு உருவம் என்று புரிந்தது: கீழே ஒரு கறுப்பு வட்டம், அதில் நெஞ்சுத் தகடு பளிச் பளிச்சென்று நிறம் மாறுகிறது. டிம் லேமன், எட்வின் ஸ்கோல்ஸ் என்ற இருவர் 2004 முதல் 2011 வரை திரும்பத் திரும்பப் போய், அன்றைக்குக் கணக்கில் இருந்த 39 இனங்களையும் படமெடுத்தார்கள். பெட்டையின் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவர்களின் படங்கள்தான்.

எங்கள் ஊர்த் தோப்பில் வெள்ளையாக, ரிப்பன் மாதிரி நீண்ட வாலோடு ஒரு குருவி வருகிறது. அதையும் சொர்க்கப் பறவை என்கிறார்களே? – தேனியிலிருந்து ஓர் ஆசிரியர்

அது அரசவால் ஈப்பிடிப்பான். ஆங்கிலப் பெயரில் சொர்க்கம் ஒட்டிக்கொண்டதால் வந்த குழப்பம், குடும்பம் வேறு. நடத்தையும் வேறு: அத்தனை நீள வாலை வைத்துக்கொண்டு அந்த ஆண் அடைகாக்கும், குஞ்சுக்கு இரையும் ஊட்டும்.

நானும் மனைவியும் ஓய்வு பெற்றுவிட்டோம். ஒரு தடவையாவது போய்ப் பார்க்க ஆசை. எங்கே, எப்போது, உடம்பு தாங்குமா? – சென்னை வாசகர்

தாங்கும், இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால். தீவின் மேற்குப் பாதி இந்தோனேசியா, கிழக்குப் பாதி பப்புவா நியூ கினி.

நடக்கக் கொஞ்சம் சிரமம் என்றால் ராஜா அம்பட் தீவுகளுக்குப் போங்கள். ஜகார்த்தாவிலிருந்து சொரோங் வரை விமானம், அங்கிருந்து வைகியோ தீவில் இருக்கும் வைசாய்க்குப் படகில் சுமார் இரண்டு மணி நேரம். வைகியோ தீவிலும் பக்கத்துத் தீவுகளிலும் மட்டுமே இருக்கும் இரண்டு பறவைகளை அங்கே பார்க்கலாம். சிவப்புச் சொர்க்கப் பறவை மர உச்சியில் கூட்டமாகக் கூடி ஆடும். வில்சன் சொர்க்கப் பறவை தரையில் தனியாக ஆடும். சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிய உடம்பில் சிவப்பு, மஞ்சள், பச்சை, தலையில் முடியே இல்லாமல் பளீரென்ற நீலத் தோல், வாலில் சுருட்டிவிட்ட இரண்டு கம்பிகள். விடியும் இருட்டில் அந்த நீலத் தலைதான் முதலில் கண்ணில் படும்.

ஆர்ஃபக் மலை குளிர், ஏற்றம், சேறு. மனோக்வாரியிலிருந்து ஜீப்பில் மலைக் கிராமங்களுக்கு ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆனால் முடிந்தவர்கள் போனால் குடில் பறவையையும் பார்த்துவிட்டு வாருங்கள். பழுப்பு நிறத்தில் எந்த அழகும் இல்லாத பறவை, ஒரு மீட்டர் உயரத்துக்குக் குச்சிகளால் கூரை போட்ட குடில் கட்டி, வாசலில் பாசியைப் பாய் மாதிரி விரித்து, பூவைத் தனியாக, பழத்தைத் தனியாக, வண்டின் மினுங்கும் சிறகுகளைத் தனியாகக் குவித்து வைக்கிறது. நம் வீட்டுக் கொலு மாதிரி. இறகில் இல்லாத அலங்காரத்தை வாசலில் வைத்திருக்கிறது. 1872-ல் பெக்காரி என்ற இத்தாலியர் முதன்முதலில் அதைப் பார்த்து உலகத்துக்குச் சொன்னார்.

பப்புவா நியூ கினி பக்கம் செலவு இன்னும் அதிகம். ஆனால் தலைநகர் போர்ட் மோர்ஸ்பியிலிருந்து காரில் போகும் தூரத்தில் வரிராட்டா தேசியப் பூங்கா இருக்கிறது. அந்த நாட்டுக் கொடியில் இருக்கும் ராகியானா சொர்க்கப் பறவை அங்கே காலையில் மரத்தில் கூடும். மலைநாட்டுக்குப் போனால் ஒரு மீட்டர் வரை வெள்ளை வால் தொங்கும் ரிப்பன்வால் அஸ்ட்ரேப்பியா.

பப்புவா நியூ கினி பக்கம் பொதுவாக ஜூன் முதல் அக்டோபர் வரை மழை குறைவு. இறகு உதிர்த்து முளைக்கும் மாதங்களில் ஆண்கள் ஆடுவதில்லை, அதனால் கிளம்பும் முன் உள்ளூர் வழிகாட்டியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தாழ்நிலங்களில் மலேரியா உண்டு, டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கிக்கொண்டு போங்கள். இந்தோனேசியப் பக்கம் உள்ளே போகப் போலீஸ் அனுமதிச் சீட்டு கேட்பார்கள், பாஸ்போர்ட் நகல் நாலைந்து கையில் இருக்கட்டும்.

கடைசியாக, காட்டுக்கு உடைமைக்காரர்கள் உண்டு. இந்தந்த ஆடுகளம் இந்தந்தக் குடும்பத்து நிலத்தில் இருக்கிறது என்று கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் கேட்கும் கட்டணத்தில் தயவுசெய்து பேரம் பேசாதீர்கள். மரம் வெட்ட வருகிறவர்களும் அவர்களிடம்தான் பணம் நீட்டுகிறார்கள்.

வழிகாட்டிகள் குரல் பதிவை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கிறார்களே, களத்தில் இலை போட்டு வெளியே இழுக்கிறார்களே, இது சரியா? – பெங்களூரிலிருந்து ஒரு புகைப்படக்காரர்

எனக்கு உடன்பாடு இல்லை. வில்சன் சொர்க்கப் பறவை தன் களத்தில் ஓர் இலைகூட இருக்க விடாது, போட்டால் பதறி வந்து எடுக்கும், அந்தப் பலவீனம் எல்லோருக்கும் தெரிந்துபோனது. ஒரு நாளைக்கு ஒரு கூட்டம் வந்து இலை போட்டாலே அந்த ஆண் பெட்டையை அழைக்கும் நேரத்தில் இலை பொறுக்கிக்கொண்டிருக்கும். எங்களோடு வந்த ஒருவர் நல்ல கோணத்துக்காகத் தட்டியின் ஓலையைச் சற்று விலக்கினார். கிளைக்கு வந்திருந்த பெட்டை அந்த நொடியே போய்விட்டாள், அன்று காலை திரும்பவே இல்லை. ஆண் வெகுநேரம் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பிளாஷ் வேண்டாம், சத்தமில்லாத ஷட்டர் வையுங்கள், இருட்டோடு தட்டிக்குள் போய்விட்டு ஆட்டம் முடிந்த பின் வெளியே வாருங்கள். அடர்ந்த காட்டுத் தரையில் வெளிச்சம் மிகக் குறைவு, படம் புள்ளி புள்ளியாகத்தான் வரும், வரட்டும்.

இந்தப் பறவைகளுக்குக் கால் இல்லை என்று ஐரோப்பியர்கள் நம்பினார்களாமே? – கடலூர் வாசகி

ஆமாம். மெகல்லன் கிளப்பிய கப்பல்களில் ஒன்றான விக்டோரியா 1522-ல் ஸ்பெயினுக்குத் திரும்பியபோது, இன்றைய இந்தோனேசியாவில் இருக்கும் பச்சான் தீவின் அரசர் கொடுத்த பறவைத் தோல்கள் அதில் இருந்தன. பதப்படுத்தும்போது அங்கே காலை வெட்டிவிடுவார்கள். கால் இல்லாத பறவை எங்கே உட்காரும், அது வானத்திலேயே மிதந்து பனித்துளியைக் குடித்து வாழும் சொர்க்கத்துப் பறவை என்று கதை பரவியது. மழைத்துளி மட்டும் குடிக்கும் சாதகப் பறவை கதை நம்மிடம் இருக்கிறதே, அதே மாதிரி. 1758-ல் லின்னேயஸ் அறிவியல் பெயர் வைத்தபோது பெரிய சொர்க்கப் பறவைக்குக் ‘காலற்றது’ என்ற பொருளில் அபோடா என்றே வைத்தார், இன்றும் அதுதான் பெயர்.

கதையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அடுத்த நூற்றாண்டில் சீமாட்டிகளின் தொப்பியில் செருக இறகு கேட்டார்கள், ஆடும் மரத்திலேயே வைத்துக் கொன்றார்கள். நியூகினிக்குப் பக்கத்தில் இருக்கும் ஆரு தீவுகளுக்கு 1857-ல் போன ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் வாலஸ், ஆட்டத்தில் மெய்ம்மறந்திருக்கும் ஆண்களை மொண்ணை அம்பால் வீழ்த்துவதைப் பற்றி எழுதியிருக்கிறார். 1921-ல் பிரிட்டன் இறகு இறக்குமதியைத் தடை செய்தது. இனம் அழியாமல் தப்பியதற்கு ஒரு காரணம் சொல்வார்கள்: வேட்டைக்காரர்கள் தேடியது முழு இறகு வளர்ந்த ஆண்களை, பெட்டைகளுக்கும் பெட்டை நிறத்தில் இருந்த இளம் ஆண்களுக்கும் விலை இல்லை.

இதெல்லாம் எங்களால் முடியாது. நம்ம ஊரில் பார்க்க ஒன்றும் இல்லையா? – ஈரோடு வாசகர்

ஏன் இல்லை, உங்கள் கிணற்றுமேட்டிலேயே இருக்கிறது. தூக்கணாங்குருவியைப் பாருங்கள். மழைக்காலத்தில் ஆணுக்குத் தலையும் நெஞ்சும் மஞ்சளாகும். பனையிலோ வேலமரத்திலோ கூட்டைப் பாதி வரை பின்னி, தொங்கும் தலைக்கவசம் மாதிரி ஆனதும் நிறுத்திவிட்டு, அதில் தொங்கிக்கொண்டு சிறகை அடித்துக் கத்தும். பெட்டைகள் வந்து பார்க்கும். பிடித்தால் ஆண் நீளக் குழாய் வாசலோடு கூட்டை முடிக்கும், பிடிக்காவிட்டால் பாதிக்கூடு அப்படியே ஆடிக்கொண்டிருக்கும். அந்த ஆணும் இன்னொரு பெட்டைக்கு இன்னொரு கூடு தொடங்கப் போய்விடும்.

காலை ஆறரை மணிக்கு ஒரு நாற்காலியைப் போட்டு, மரத்திலிருந்து முப்பது அடி தள்ளி உட்காருங்கள். பைனாகுலர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் தெரியும். ஆண் கத்துவதை ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, அப்புறம் பாதிக்கூட்டுக்குள் நுழையும் பெட்டையை மட்டும் கவனியுங்கள். அலகால் நாரை இழுத்துப் பார்ப்பாள். எந்தக் கூட்டில் எவ்வளவு நேரம் இருந்தாள், எதற்குத் திரும்ப வந்தாள் என்று ஒரு நோட்டில் குறித்துவைத்து, ஒரு வாரம் கழித்து எந்தக் கூட்டுக்கு வாசல் முளைத்திருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.